மெமரி கார்டுக்கு மூணு ஓலை

சிங்கப்பூரில் அதிகக் கல்யாணங்களை முடித்துவைத்தவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் 'மூணு ஓலை' என்று சொல்வேன். கல்யாணத் தரகர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். எண்பதுகளில் அவர் சேர்த்துவைத்த ஜோடிகளில் ஒன்றுகூட மாமியார் சண்டை போட்டதில்லை, சீர் வரிசை போதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று தகராறு செய்ததில்லை. ஒரே ஒரு விஷயம்தான். மாப்பிள்ளையும் பெண்ணும் கம்ப்யூட்டர் சாமான்கள்.

அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவரைத் தெரிந்தவர்களுக்கே யாரென்று தெரியாது. சாங்கி விமான நிலையத்துச் சரக்குப் பிரிவில் அப்போது நான் சின்ன வேலையில் இருந்தேன். அவர் ஆவணப் பிரிவு. பெட்டியோடு வரும் காகிதமும் பெட்டியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிற உத்தியோகம். காகிதத்தில் பதினொரு பெட்டி என்று போட்டிருக்கும், தரையிலும் பதினொரு பெட்டி இருக்கும். வேறு யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். இவர் குனிந்து பார்த்து, "பதினொண்ணு சரி. ஆனா இதே பதினொண்ணுதானா?" என்பார். லாரி டிரைவர்கள் அவரைக் கண்டால் இஞ்சினை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள்.

ஒல்லியான உடம்பு, படிய வாரிய தலை, சட்டைப் பையில் மூன்று பேனா. கறுப்பு எழுதுவதற்கு, நீலம் கையெழுத்துக்கு, சிவப்பு ஆட்சேபணைக்கு. சிவப்புதான் சீக்கிரம் தீரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. அவருடைய மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் அறிவிப்புகளைப் படிப்பது அவர்தான். அதில் முக்கியமானது கல்யாண ஓலை. எனக்கு இதெல்லாம் தெரியாது, நான் சிராங்கூன் ரோட்டுக் கோயில்களில் சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தின்று வளர்ந்தவன். அவர்தான் விளக்கினார். கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் தொடர்ந்து மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்களாம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. மாப்பிள்ளைக்கு ஈப்போவில் ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தால், அது வெளியே வர மூன்று வாரம் அவகாசம்.

"எத்தனை வருஷமாண்ணே படிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"அது ஆச்சு தம்பி, ரொம்ப வருஷம். ஒவ்வொரு தடவையும் படிச்சு முடிச்சிட்டு ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். இதுவரைக்கும் ஒருத்தன்கூட எழுந்து நிக்கல."

அந்தக் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்டால் யாருக்கும் பாவமாக இருக்கும். நல்ல தடை ஒன்றுக்காக ஏங்கிய மனிதர் அவர்.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன். அந்த நாளில் தைவானில் செய்த நகல் கம்ப்யூட்டர்கள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்திருந்தன. சரக்குப் பிரிவில் நாங்கள் ஏழு பேர் ஆளுக்கொன்று வாங்கினோம். எட்டாவது ஆள் மூணு ஓலை. அலுவலக வேலைக்குப் பழகப் போகிறோம் என்று வீட்டில் சொன்னோம். உண்மையில் விளையாடத்தான் வாங்கினோம். முக்கியமாக, விமானம் ஓட்டுகிற ஆட்டம். நாள் முழுக்க விமானத்தைப் பார்த்துக்கொண்டு, அதில் ஏற முடியாமல், அதன் வயிற்றில் பெட்டி அடுக்குகிறவர்களுக்கு அந்த ஆட்டத்தின் மேல் எவ்வளவு வெறி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் அந்த மெஷினில் அந்த ஆட்டம் ஓடாது. கூடுதல் மெமரி கார்டு வேண்டும், கலர் கார்டு வேண்டும், அதற்கு ஏற்ற கலர் மானிட்டர் வேண்டும், ஜாய்ஸ்டிக் வேண்டும். எது எதோடு சேரும் என்று சொல்ல ஆள் கிடையாது. ரோச்சோர் பக்கத்துக் கடைகளில் கேட்டால், முடியும் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் பதிலாக வரும்.

"இந்த மெமரி கார்டு என் மெஷின்ல வேலை செய்யுமா?"

"கேன்."

"இந்த டிஸ்க் டிரைவ்?"

"கேன் லா!"

என் வீட்டு ரைஸ் குக்கரில் இந்த டிரைவை மாட்டலாமா என்று கேட்டிருந்தாலும் கேன்தான்.

மூணு ஓலை அந்தக் கேனை நம்பி ஒரு டிஸ்க் டிரைவ் வாங்கிக்கொண்டு புக்கிட் மேராவில் இருந்த அவருடைய ஓரறை வீட்டுக்குப் போனார். மாட்டினார். சுவிட்சைப் போட்டார். அப்பளம் கருகுகிற வாசனை வந்தது. டிரைவும் போயிற்று, பவர் சப்ளையும் போயிற்று. இரண்டு நாள் வேலையில் சிவப்புப் பேனாவைத் தொடவேயில்லை. லாரி டிரைவர்களே வந்து, "அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள்.

மூன்றாம் நாள் ஞாயிறு. கோயிலில் வழக்கம்போல ஓலை வாசித்துக்கொண்டிருந்தபோது, கையில் காகிதத்தோடு அப்படியே நின்றுவிட்டாராம். அவருக்கு ஒன்று பளிச்சென்று தோன்றிவிட்டது. திங்கட்கிழமை காலையில் எங்கள் கேன்டீன் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே தமிழ், கீழே ஆங்கிலம்.

'முதல் ஓலை. தைவானில் பிறந்து தற்போது புக்கிட் மேராவில் வசிக்கும் மெயின் போர்டுக்கும், அதே நாட்டில் பிறந்து தற்போது ரோச்சோர் பக்கம் ஒரு கண்ணாடி அலமாரியில் வசிக்கும் மெமரி கார்டுக்கும் இணைப்பு நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் சேர்வதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் ஆவணப் பிரிவில் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.'

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். கேன்டீனில் தேநீர்க் கடை வைத்திருந்த பாய், கல்யாணச் சாப்பாடு பிரியாணியா என்று கேட்டார். ஆனால் புதன்கிழமை, விமானப் பராமரிப்பில் வேலை செய்யும் ஒரு மலாய்க்காரர் கைகளைத் துடைத்துக்கொண்டே ஆவணப் பிரிவுக்கு வந்தார். அதே மெமரி கார்டை அவருடைய மச்சான் வாங்கியிருக்கிறாராம். ஒரு மணி நேரம் ஓடினால் சூடாகி, திரையில் இருக்கிற எழுத்தெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிப் போய்விடுகிறதாம்.

மூணு ஓலை நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த மனிதரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ ஓலை வாசிப்பில் அவருக்குக் கிடைத்த முதல் தடை! அந்த மலாய்க்காரர், யாரோ இறந்துபோன செய்தியைத்தான் தவறுதலாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று பயந்து போனார்.

அதற்குப் பிறகு நாங்கள் சிரிக்கவில்லை. ஓலை மூன்று வாரம் பலகையில் தொங்கினால், சரக்குப் பிரிவு, பராமரிப்பு, விமானச் சமையல்கூடம் என்று எல்லா இடத்திலிருந்தும் யாராவது ஒருவர் மச்சான், பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவர் கதையோடு வந்துவிடுவார். பைத்தியக்காரத்தனம் என்று நாங்கள் நினைத்தது, நன்றாக வேலை செய்கிற ஏற்பாடாக இருந்தது. எனக்கு அதுதான் எரிச்சல்.

ஏற்பாடு வெற்றி பெற்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் சட்டம் முழுவதையும் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்துவிட்டார். என் மெஷினுக்குப் புதுக் கீபோர்டு தேவைப்பட்டது. மெயின் போர்டு செய்த அதே தொழிற்சாலைக் கீபோர்டாகப் பார்த்துக் கொண்டுபோய்க் காட்டினேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்து, உடனே மூடிவிட்டார்.

"கூடாது தம்பி. ஒரே வீட்டுப் பிள்ளைங்க. அண்ணன் தங்கச்சி."

"அண்ணே, ஒரே கம்பெனின்னாதானே நல்லாச் சேரும்?"

"உங்க பக்கம் மாமன் மகளைக் கட்டுவீங்க. எங்க பக்கம் அதுக்கே பிஷப்கிட்ட பெர்மிஷன் கேக்கணும். இது கூடப் பொறந்தது. பேச்சே வேணாம்."

அவர் சொல்லைத் தட்ட முடியாமல் வேறு தொழிற்சாலைக் கீபோர்டு வாங்கினேன். நான்கு மாதம் என் கம்ப்யூட்டரில் A அடித்தால் Q வந்தது. போய்ப் புகார் சொன்னேன். "விட்டுக்குடுத்துப் போகாம எந்தக் குடும்பம் தம்பி நடந்திருக்கு?" என்றார்.

பழைய சாமான் என்றால் இன்னும் மோசம். சுங்கை ரோடு சந்தையில் தரையில் விரித்துப் போட்டிருந்த சாமான்களுக்கு நடுவே அவர் ஒரு டிஸ்க் டிரைவைக் கண்டெடுத்தார். நல்ல நிலையில் இருந்தது. எனக்கு மகிழ்ச்சி. அவர் மட்டும் கையில் வைத்துக்கொண்டு முகம் சுளித்தார்.

"இது ஏற்கெனவே ஒரு மெஷினோட இருந்தது. அந்த மெஷின் உயிரோட இருக்கா, இல்லையா?"

"அது நமக்கு எதுக்குண்ணே?"

"எதுக்கா? உயிரோட இருந்தா இதுக்கு ரெண்டாவது கல்யாணம் செல்லாது தம்பி. எங்கள்ல டைவர்ஸ் கிடையாது. செத்துப்போனதுக்கு அத்தாட்சி வேணும்."

கடைக்காரச் சீனரிடம், "இதோட பழைய கம்ப்யூட்டர் செத்துப்போச்சா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் "கேன்" என்றார். மூணு ஓலை விடவில்லை. அரை மணி நேரம் அங்கேயே நின்று, அதைக் கடைக்காரரிடம் விற்றவர் வீட்டு முகவரியைக் கறந்துவிட்டார். ஆங் மோ கியோவில் எட்டாவது மாடி. அடுத்த சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு கிளம்பினார்.

கதவைத் திறந்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. கையில் கரண்டி. மூணு ஓலை தலையைக் குனிந்து, கோயிலில் பேசுகிற குரலில் சொன்னார்.

"மன்னிக்கணும்மா. உங்க வீட்ல ஒரு மரணம்னு கேள்விப்பட்டு வந்திருக்கோம்."

அந்தம்மாள் போட்ட அலறலில் ஒன்பதாவது மாடியிலிருந்துகூட ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர், அன்றைக்கு வேலைக்குப் போயிருக்கிறார், நாங்கள் இரண்டு பேர் வெள்ளைச் சட்டையில் வாசலில் நிற்கிறோம். வேறு என்ன நினைக்க முடியும்? பக்கத்து வீட்டுச் சீன அம்மாள் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பட்டறைக்குப் போன் போட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவர் உயிரோடு இருப்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் அழுகை நின்றது. நான் மாடிப்படி பக்கம் எத்தனை அடி என்று அளந்துகொண்டிருந்தேன்.

இவ்வளவுக்கும் நடுவில் மூணு ஓலை, "செத்தது கம்ப்யூட்டர்தாம்மா. பாடியை ஒரு தடவை பாக்கலாமா?" என்றார்.

பார்த்தார். அறைக்குள் மைலோ டின்களுக்கு அடியில் கிடந்ததை வெளியே எடுத்து, மூன்று முறை சுவிட்சைப் போட்டு, மூன்று முறையும் மூச்சு இல்லை என்று உறுதி செய்து, ஒரு தாளில் எழுதி அந்தம்மாளிடம் கையெழுத்து வாங்கினார். புறப்படும்போது அந்தம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்ல மனுஷராத்தான் தெரியறாரு. இருந்தாலும் ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். காட்டுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்தேன். அந்த டிரைவ் என்னவோ நான் வேலையை விடுகிற வரைக்கும் நன்றாகவே ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் நேராகச் சிராங்கூன் ரோட்டு மூலையில் இருந்த ஒரு காப்பிக் கடைக்கு வருவார். நாங்கள் ஏழு பேரும் ஏற்கெனவே அங்கே இருப்போம். எங்களில் யாராவது ஒருவர் மெஷினைத் துணியில் சுற்றித் தூக்கி வந்திருப்பார். பலகையில் ஒட்டிய ஓலையை அவர் அங்கே எழுந்து நின்று சத்தமாக வாசிப்பார். பக்கத்து மேசையில் தோசை தின்றுகொண்டிருக்கிற ஒரு பெரியவர் ஒவ்வொரு வாரமும் கையைத் தூக்கி, "எனக்கு ஆட்சேபணை இருக்கு" என்பார். மூணு ஓலை மரியாதையாக அவரிடம் போய், என்ன தடை என்று கேட்டு, சிவப்புப் பேனாவால் எழுதிக்கொள்வார். பெரியவர் சொல்கிற தடை எப்போதும், சட்னியில் உப்பு இல்லை என்பதுதான்.

பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் சாயந்திரம் வரைக்கும் இருப்போம். எங்களுக்கெல்லாம் வீட்டில் அம்மா, தங்கை, அண்ணி என்று யாராவது இருந்தார்கள். அவருக்கு யாரும் இல்லை. அதை அவர் சொன்னது கிடையாது. ஆனால் மாலையில் மேசையை விட்டு எழுந்திருக்கிற கடைசி ஆள் எப்போதும் அவர்தான். குடித்து முடித்த கோப்பையை இன்னொரு தடவை தூக்கிக் குடிப்பார்.

அப்படியிருக்கும்போதுதான் காப்பிக் கடைக்காரர் ஒரு நாள் வந்து, மாதக் கடைசியோடு மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். கடையை இடித்துப் பெரிதாக்கப் போகிறாராம். புதுக் கடையில், ஒரு மேசையை ஏழு மணி நேரம் பிடித்துக்கொண்டு, பிளக்கில் வயரும் சொருகி, எட்டுத் தேநீர் குடிக்கிறவர்களுக்கு இடமில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. நானாக இருந்தால் முதல் மாதமே துரத்தியிருப்பேன்.

மறுநாள் மூணு ஓலை மேனேஜர் அறைக்குப் போய் நின்றார். எங்கள் மேனேஜர் ஒரு சீனர், சிரிப்பதை ஓய்வுபெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தவர். கேன்டீனுக்குப் பக்கத்தில் உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்த ஓர் அறை இருந்தது. அதைக் கம்ப்யூட்டர் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று இவர் கேட்டார். டார்ட்ஸ் அம்பு எறிகிற கோஷ்டியும் அதே அறையைக் கேட்டிருக்கிறது என்றார் மேனேஜர். இரண்டு கோஷ்டியும், ஊழியர்கள் வீட்டாரோடு வருகிற குடும்ப தினத்தன்று ஏதாவது செய்து காட்டுங்கள், எது பார்க்க நன்றாக இருக்கிறதோ அதற்கு அறை என்று முடித்துவிட்டார்.

என்ன செய்து காட்டுவது என்பதில் சந்தேகமே இல்லை. விமான ஆட்டம், அதுவும் கலரில். சாதாரண மெஷினில் பச்சைக் கோடுகள்தான் தெரியும். வருவது ஓடுபாதையா, அடுக்குமாடி வீட்டு ஜன்னலில் துணி காயப்போட்ட மூங்கிலா என்று சொல்ல முடியாது. என் மெஷினைத் தேர்ந்தெடுத்தார்கள், Q எழுத்தோடு சேர்த்து. மெமரி கார்டும், கலர் கார்டும், மானிட்டரும், ஜாய்ஸ்டிக்கும் எட்டுப் பேரும் கடை கடையாகத் தேடி வாங்கினோம். கேன்டீனில் பாய் கடைக்குப் பின்னால், பால் டின் அடுக்கியிருந்த அலமாரியில் எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்தோம்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், குடும்ப தினத்துக்கு முன்னால் இரண்டே இரண்டு ஞாயிறுதான் இருந்தது. மூன்றாவது ஓலை விழுகிற ஞாயிறே குடும்ப தினம்.

"பரவால்ல. அன்னிக்குக் கோயில்ல வேற யாராவது படிக்கட்டும். காலையில பத்து மணிக்கு இங்க மூணாவது ஓலை வாசிப்போம். பத்தரைக்கு மாட்டுவோம். பதினொண்ணுக்கு மேனேஜர் வர்றாரு" என்றார் மூணு ஓலை.

"அண்ணே, முன்னாடியே மாட்டிப் பாக்காம எல்லார் முன்னாடியும் போய் நிக்கிறதா? வேலை செய்யலன்னா ரூம் போயிடும்லா!"

"ஓலை முடியாம மாட்டி, அன்னைக்கு என் வீட்ல ஆன மாதிரி ஆச்சுன்னா? ரூமும் போயிடும், மெஷினும் போயிடும்."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு இரண்டு நாள் தூக்கம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும், மற்றவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு, நான் கேன்டீனுக்குத் திரும்பி வந்து மெஷின் மூடியைக் கழற்றினேன். கைக்கு வந்த ஸ்லாட்டில் மெமரி கார்டைச் சொருகினேன், அடுத்துக் கிடைத்த ஸ்லாட்டில் கலர் கார்டு. சுவிட்சைப் போட்டேன். பீப் என்றது. நீல வானம், பச்சைத் தரை, சாம்பல் நிற ஓடுபாதை! எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்த ஆளில்லாததால் பாயைக் கூப்பிட்டேன். அவர் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு வந்து, மூன்று விமானங்களைக் கடலில் போட்டுவிட்டு, "சூப்பர் தம்பி" என்றார்.

அன்றைக்கே கழற்ற மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்க் கார்டுகளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாம், பிறகு ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்துவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் அன்று பார்த்து என் வீட்டுப் பக்கத்திலிருந்து வருகிற பஸ் தாமதம். நான் போய்ச் சேர்ந்தபோது கேன்டீன் நிரம்பியிருந்தது. பலூன், சாத்தே இறைச்சி சுடுகிற புகை, பிள்ளைகள் கூச்சல். டார்ட்ஸ் கோஷ்டி புதுப் பலகையை மாட்டி, ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. மூணு ஓலை ஏற்கெனவே மைக்கைப் பிடித்துவிட்டார். கோயிலுக்குப் போடுகிற கோட்டு அணிந்திருந்தார்.

மூன்றாவது ஓலையை ஆங்கிலத்தில் வாசித்தார். தமிழில் வாசித்தார். "தடை ஏதும் அறிந்தவர்கள் இப்பொழுதே தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடித்து, வழக்கம்போலத் தலையைத் தூக்கி ஒரு நிமிஷம் பார்த்தார். சீனக் குடும்பங்களும் மலாய்க் குடும்பங்களும், யாருக்கோ கல்யாணம் போலிருக்கிறது என்று மரியாதையாகச் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

தேநீர்க் கடையிலிருந்து ஒரு கை மெதுவாக மேலே போயிற்று.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் பாய். "நீங்க கடமைன்னு சொல்றீங்க, அதனால சொல்றேன். அதுங்க ரெண்டும் வெள்ளிக்கிழமையிலேருந்து ஒண்ணாத்தான் இருக்கு. நான் என் கண்ணால பார்த்தேன்."

தமிழர்கள் வெடித்துச் சிரித்தார்கள். பிறகு மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார்கள். "அலாமக்!" என்று ஒரு மலாய் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். மூணு ஓலையின் கை சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று, பாதி வழியில் நின்றது. மைக்கை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டவில்லை.

"சாட்சி யாரு தம்பி?"

"பாய்."

"பாய் மட்டுமா?"

"ஆமாண்ணே."

"ரெண்டு பேர் வேணுமே" என்றார் வருத்தமாக. பிறகு கோட்டைக் கழற்றினார். "சரி. சேர்ந்து வாழ்ந்தவங்களைக் கோயில்ல துரத்திவிட மாட்டாங்க. முறைப்படி செஞ்சுவைப்பாங்க. கழட்டு. ரெண்டு சாட்சி வெச்சு மறுபடி மாட்டுவோம்."

கழற்றினோம். இரண்டு சாட்சிகளை நிறுத்தினார். மெமரி கார்டு முதல் ஸ்லாட்டில், அது வீட்டுக்குப் பெரியவராம். கலர் கார்டு கடைசி ஸ்லாட்டில். திருகாணிகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். அதற்குள் மேனேஜரும் வந்து நின்றுவிட்டார். சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பு. அணைத்துப் போட்டேன். கறுப்பு. மறுபடியும் கழற்றி, துடைத்து, மாட்டிப் போட்டேன். ஒரு பீப்கூட இல்லை. திருட்டுத்தனமாக இருந்தபோது ஜோராக வேலை செய்த ஜோடி, முறைப்படி சேர்த்துவைத்ததும் பேச மறுத்துவிட்டது.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் டார்ட்ஸ் பலகையில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. யாரோ கைதட்டினார்கள்.

மூணு ஓலை என் காதருகே குனிந்தார். "வெள்ளிக்கிழமை எப்படிப் போட்டே?"

"கண்டபடி போட்டேண்ணே. கைக்கு வந்த எடத்துல."

"அப்ப ஓலை முடிஞ்சிருந்துச்சா?"

"இல்லண்ணே. ரெண்டுதான்."

"நான் இருந்தேனா?"

"இல்ல."

ஸ்க்ரூடிரைவரை என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

"நான் வெளிய போறேன். நீ அன்னைக்கு மாதிரியே போடு."

"அண்ணே, நீங்க இருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஸ்லாட்ல தூசி இருக்கும்—"

"போடு தம்பி. எனக்கு ரூல் முக்கியந்தான். ஆனா இந்த ரூம் இல்லன்னா, அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எங்க போவேன் சொல்லு?"

கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை போட்ட இடம் எது என்று நினைவுபடுத்தப் பார்த்து, முடியாமல், தோன்றிய இரண்டு ஸ்லாட்டுகளில் சொருகினேன். சாட்சி இல்லை, முறை இல்லை, திருகாணிகூட முடுக்கவில்லை. சுவிட்சைப் போட்டேன்.

பீப்.

நீல வானம் வந்தது. பிள்ளைகள் டார்ட்ஸ் பலகையை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் அப்பாக்கள். மேனேஜர் ஒரு தடவை பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். முதல் விமானத்தைக் கடலில் போட்டார், இரண்டாவதையும் போட்டார். மூன்றாவதை எப்படியோ தரையில் இறக்கிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் பல் தெரியச் சிரித்தார். டார்ட்ஸ் கோஷ்டித் தலைவரே வரிசையில் நின்றார். ஜாய்ஸ்டிக்கை விடாமலேயே மேனேஜர் இடது கையால் பையைத் துழாவி அறைச் சாவியை எடுத்து நீட்டினார்.

நான் வெளியே ஓடினேன். கார் நிறுத்துமிடத்தில், உச்சி வெயிலில், கேன்டீனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூணு ஓலை நின்றிருந்தார். இரண்டு காதுகளையும் விரலால் அடைத்திருந்தார். சாட்சி ஆகிவிடக்கூடாதாம். தோளைத் தொட்டேன்.

"வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. ரூமும் நமக்குத்தான்."

சாவியை அவர் கையில் வைத்தேன். அதை இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றார்.

"உள்ள வாங்கண்ணே. நீங்க ஓட்டிப் பாக்கணும்."

"வேணாம் வேணாம். நான் வந்து அது நின்னுபோச்சுன்னா? எல்லாரும் ஆடி முடிக்கட்டும்."

எவ்வளவோ கெஞ்சினேன், அசையவில்லை. நான் திரும்பி வராததைப் பார்த்து மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒருவன் அவருக்கு ஒரு தட்டு மீ கோரிங் நூடுல்ஸ் கொண்டு வந்தான், இன்னொருவன் பாயிடம் தேநீர் வாங்கி வந்தான். பாய் அதைக் கொடுத்தபோது அண்ணனிடம் கோபமில்லை என்று சொல்லச் சொன்னாராம். யாருக்கு யார்மேல் கோபம் என்று எங்களுக்குப் புரியவில்லை, சிரித்தோம், அவரும் சிரித்தார். உள்ளே எங்கள் கம்ப்யூட்டரில் மொத்தச் சரக்குப் பிரிவும் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தது. போய் ஓர் ஆட்டம் ஆட வேண்டும் என்று எங்கள் ஏழு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. கம்ப்யூட்டருக்காகத்தான் அந்த அறை வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவரோடு உட்கார ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.